ஒரு இன்ச் பைப்புக்கு ஒரு இன்ச் ஹோல் சா வாங்கிடாதீங்க: வீட்டு ப்ளம்பிங் வேலைக்கு சரியான சைஸ் எடுக்குறது எப்படி

பெங்களூர்ல முருகேஷ்பாளையால ரெண்டாவது மாடி ஃப்ளாட்ல இருக்கோம். காவேரித் தண்ணி வர்ற நேரத்துல பிடிச்சு வெச்சுக்கலாம்னு யூட்டிலிட்டி மேல பரண்ல ஒரு சின்ன டேங்க் வெச்சு, அதுலேர்ந்து கிச்சனுக்கு ஒரு லைன், வாஷிங் மெஷினுக்கு ஒரு லைன் இழுக்கலாம்னு நானே இறங்கினேன். ட்ரில்லுல மாட்டி வட்டமா ஓட்டை வெட்டுற பல்லு வெச்ச கப், அதான் ஹோல் சா, பதினாறு பீஸ் பெட்டி ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி, டேங்க்ல ஓட்டை போட்டு, பைப்பை டேங்கோட சேக்குற மரை போட்ட நிப்பிளை மாட்டி, தண்ணி ரொப்பிட்டுப் படுத்தா, ராத்திரி மூணு மணிக்கு யூட்டிலிட்டி தரை முழுக்க தண்ணி, கீழ் வீட்டு சீலிங்ல ஈரம். காரணம் ஒண்ணே ஒண்ணுதான், ஓட்டையோட சைஸ் தப்பு. அதுக்கப்புறம் ஒரு மாசம் அளந்து, கேட்டு, தப்பா வாங்கினதை மாத்தி வாங்கித்தான் இதெல்லாம் புரிஞ்சுது. இந்த அலைச்சல் உங்களுக்கு வரவேண்டாம்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. ஓட்டைக்குள்ள என்ன போகுது, எது ஓட்டையை மூடுதுன்னு முதல்ல பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை யோசிச்சிடுங்க. ப்ளம்பிங்ல நாம போடுற ஓட்டை மூணு விதம்தான். மூணுக்கும் சைஸ் எடுக்குற கணக்கு வேற வேற.

ஒண்ணு, பைப்பு சும்மா கடந்து போற ஓட்டை. கிச்சன் கேபினட் பலகை, மரக்கதவு, சுவர் இதெல்லாம் இந்த வகை. இங்க பைப்பு லூஸா இருக்கணும், ஒட்டி உரசிட்டு இருக்கக் கூடாது. சுடுதண்ணி போற சிபிவிசி பைப்புன்னா இது ரொம்ப முக்கியம், ஏன்னா சூட்டுல அது நீளும். மூணு மீட்டர் பைப்புல 25 டிகிரி தண்ணி 60 டிகிரி ஆச்சுன்னா ஆறு மில்லிக்கு (மில்லிமீட்டர்) மேல நீளும், டைட்டான ஓட்டைல அது பலகையை உரசி கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும், நாளாவட்டத்துல பைப்புலயும் கீறல் விழும்.

ரெண்டாவது, வாஷர் வெச்சு அடைக்குற ஓட்டை. டேங்க் நிப்பிள், சிங்க்ல மாட்டுற டேப், வேஸ்ட் கப்ளிங் (சிங்க் அடில தண்ணி வெளிய போற வாய்) எல்லாம் இதுல வரும். இங்க ஓட்டை பெருசாப் போச்சுன்னா ரப்பர் வாஷர் உட்கார இடம் இருக்காது, ஒழுகும். ஒரு மில்லி, அதிகபட்சம் ரெண்டு மில்லி இடைவெளிதான்.

மூணாவது, மேல ஃப்ளாஞ்ச், அதான் டேப்போட வர்ற வட்டத் தகடு, மூடிடுற ஓட்டை, அதாவது பாத்ரூம் டைல்ஸ்ல டேப்பு, ஷவர் வர்ற இடம். இங்க ஃப்ளாஞ்ச் எவ்வளவு அகலமோ அதுக்குள்ள இருந்தா போதும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் வெளிய தெரியாது.

இந்த மூணுல எதுன்னு தெரியாம "ஒரு இன்ச் ஹோல் சா குடுங்க"ன்னு கேட்டா, கடைக்காரர் கேட்டதைக் குடுத்துடுவார், அவர் மேல தப்பு இல்ல.

2. பைப்பு மேல எழுதியிருக்குற சைஸ் வெளி அளவு இல்ல, கையில எடுத்து அளங்க

நான் முழுசா மாட்டினது இதுலதான். அரை இன்ச், முக்கால் இன்ச், ஒரு இன்ச்ன்னு நாம சொல்றது எல்லாம் வெறும் பேர். ஒரு இன்ச்ன்னா 25.4 மில்லி, ஆனா ஒரு இன்ச் யூபிவிசி பைப்போட வெளி அளவு 33.4 மில்லி. அதே ஒரு இன்ச் சிபிவிசி வாங்கினா 28.6 மில்லி. ரெண்டும் ஒரே பேர்ல, ஒரே கடைல, பக்கத்துப் பக்கத்து ரேக்லதான் இருக்கும்.

நம்ம ஊர் வீடுகள்ல வர்ற பைப்புங்களோட வெளி அளவு இது, போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க:

சிபிவிசி (க்ரீம் கலர், குளிர், சுடு ரெண்டுக்கும்): அரை இன்ச் 15.9, முக்கால் 22.2, ஒண்ணு 28.6, ஒண்ணேகால் 34.9, ஒன்றரை 41.3, ரெண்டு 54 மில்லி.

யூபிவிசி (வெள்ளை, பச்சைத்தண்ணி லைன்): அரை 21.3, முக்கால் 26.7, ஒண்ணு 33.4, ஒண்ணேகால் 42.2, ஒன்றரை 48.3, ரெண்டு 60.3 மில்லி. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பும் கிட்டத்தட்ட இதே அளவுதான், அரை மில்லிக்குள்ளதான் வித்தியாசம்.

எஸ்டபிள்யூஆர் டிரெய்னேஜ் பைப்பு மட்டும் நேர்மையா வெளி அளவையே பேரா வெச்சிருக்கும். 75ன்னா 75, 110ன்னா 110. ஆனா அதோட சாக்கெட் பக்கம் இன்னும் பெருசு, சுவர் வழியா பைப்பை எந்தப் பக்கத்துலேர்ந்து நுழைக்கப் போறீங்கன்னு பாத்துக்கோங்க, சாக்கெட் இல்லாத முனைதான் முதல்ல போகணும்.

இந்த அளவெல்லாம் தெரிஞ்சாலும் அளக்காம வாங்காதீங்க. தடிமன் அளக்குற பிளாஸ்டிக் வெர்னியர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, நான் முந்நூத்தம்பது ரூபாய்க்கு டிஜிட்டல் வாங்கினேன், இந்த வேலைக்கு அது போதும். பைப்பு கொஞ்சம் நீள்வட்டமா இருக்கலாம், அதனால ரெண்டு பக்கம் திருப்பி அளந்து பெரிய அளவை எடுத்துக்கோங்க. வெர்னியர் இல்லேன்னா ஒரு பேப்பர் துண்டை பைப்பைச் சுத்திச் சுத்தி, சேர்ற இடத்துல கோடு போட்டு, ஸ்கேல்ல அளந்து 3.14 ஆல வகுங்க. சுத்தளவு 105 மில்லி வந்தா வெளி அளவு 33.4, அப்படின்னா அது ஒரு இன்ச் யூபிவிசி.

இன்னொரு குழப்பம் நூல் கணக்கு. பழைய தச்சர்கள் "ஒரு இன்ச் மூணு நூல்"னு சொல்லுவாங்க, எட்டு நூல் சேர்ந்தா ஒரு இன்ச், ஒரு நூல் மூணு மில்லியும் கொஞ்சமும். ஒரு இன்ச் மூணு நூல்னா 35 மில்லி. இங்க ஹிந்தி பேசுற கார்பெண்டர்ங்க அதையே சூத்னு சொல்லுவாங்க. ஹோல் சா மேல மில்லியும் இன்ச்சும் ரெண்டுமே போட்டிருக்கும், நீங்க மில்லியிலயே பேசுங்க, குழப்பம் வராது.

3. கடந்து போற ஓட்டைக்கு எந்த சைஸ்

வெளி அளவோட ஆறு மில்லி சேர்த்துக்கோங்க, அதாவது கால் இன்ச். சிபிவிசிக்கு இந்தக் கணக்கு அப்படியே கடைல கிடைக்குற சைஸ்ல போய் நிக்கும்: அரை இன்ச்சுக்கு 22, முக்காலுக்கு 29, ஒரு இன்ச்சுக்கு 35.

யூபிவிசி பச்சைத்தண்ணி லைன்தான், நாலஞ்சு மில்லி போதும்: அரைக்கு 25, முக்காலுக்கு 32, ஒண்ணுக்கு 38, ஒண்ணேகாலுக்கு 48, ஒன்றரைக்கு 54, ரெண்டுக்கு 64 இல்ல 67. டிரெய்னேஜ்ல 50 பைப்புக்கு 57, 75 பைப்புக்கு 83.

110 பைப்புல நிறைய பேர் ஏமாறுறாங்க. "நாலு இன்ச் பைப்பு"ன்னு நாம சொல்றோம், நாலு இன்ச் கோர் (சுவத்துல வட்டமா வெட்டுற ஓட்டை) போட்டா ஓட்டை 102 மில்லிதான், பைப்பு நுழையவே நுழையாது. அஞ்சு இன்ச் கோர் சொல்லுங்க, 127 வரும், சுத்தி அடைக்கவும் இடம் கிடைக்கும்.

இப்போ முக்கியமா ஒண்ணு. சிங்க் கீழ கேபினட் பலகை வழியா கனெக்ஷன் பைப்பு, அதான் ரெண்டு முனையிலயும் நட்டு இருக்குற வளையுற ஹோஸ், அதை இழுக்கணும்னா ஹோஸை அளந்து ஓட்டை போடாதீங்க. ஹோஸ் விரல் தடிமன்தான், ஆனா முனைல இருக்குற அரை இன்ச் நட்டு அதைவிட ரொம்பப் பெருசு, அதைக் கழட்டவும் முடியாது. நட்டோட மூலைக்கு மூலை அளங்க. எங்க வீட்டு ஹோஸ்ல 28 கிட்ட வந்துது, 32 போட்டதுல சுலபமாப் போச்சு. வாஷிங் மெஷின் அவுட்லெட் ஹோஸுக்கும் இதேதான், முனைல இருக்குற தடிச்ச ரப்பர் பாகத்தை அளங்க.

ஆர்ஓ மெஷினுக்கு வர்ற கால் இன்ச் ட்யூப் 6.35 மில்லிதான், அதுக்கு ஹோல் சாவே வேண்டாம், 8 மில்லி சாதா ட்ரில் பிட் போதும்.

4. டேங்க் நிப்பிள், டேப்பு: இங்கதான் தப்பு நடக்கும்

பித்தளை இல்ல ஜிஐ நிப்பிள்னா மரை வெளி அளவு நிலையானது: அரை இன்ச் 21 மில்லி, முக்கால் 26.4, ஒண்ணு 33.2, ஒண்ணேகால் 41.9, ஒன்றரை 47.8, ரெண்டு 59.6. அதனால அரைக்கு 22, ஒண்ணுக்கு 35, ரெண்டுக்கு 60 சரியா இருக்கும். முக்காலுக்கு 27 கிடைச்சா எடுங்க, 29 கொஞ்சம் தாராளம்தான், வாஷர் அகலமா இருந்தா மட்டும் ஓகே.

பிளாஸ்டிக் நிப்பிள் விஷயம் வேற. ஒரு இன்ச் யூபிவிசி பைப்பு அந்த நிப்பிளுக்கு உள்ள போய் ஒட்டுது இல்லையா, பைப்பே 33.4, அது மேல நிப்பிளோட சுவர், அது மேல மரை. அப்போ மரை வெளி அளவு 40க்கு மேல போயிடும். கம்பெனிக்கு கம்பெனி மாறவும் செய்யும். நான் ஒரு இன்ச்தானேன்னு 35 போட்டேன், நிப்பிள் வாயிலயே நின்னுடுச்சு. வெர்னியர் வெச்சுப் பாத்தா 42. அப்புறம் 44 ஹோல் சாவை எடுத்து அதே ஓட்டை மேல வெச்சேன், நடுவுல இருக்குற சின்ன ட்ரில் பிட், அதான் பைலட் பிட், அதுக்குப் பிடிமானமே இல்ல, ஏற்கனவே அங்க ஓட்டைதானே, ஹோல் சா ஒரு பக்கமா ஓடி டேங்க் மேல பிறை மாதிரி ஒரு வெட்டு விழுந்து ஓட்டை முட்டை வடிவத்துல வந்துடுச்சு. அந்த முட்டையோட கூர் பக்கம் வாஷரைத் தாண்டி ரெண்டு மில்லி வெளிய நின்னுச்சு. எம்சீல் போட்டு அடைச்சேன், பிளாஸ்டிக் டேங்க்ல எம்சீல் சரியா ஒட்டாது, ராத்திரிக்குள்ள விட்டுடுச்சு.

அதனால நிப்பிளைக் கையில வாங்கி, மரையை அளந்து, அதுக்கப்புறம் ஹோல் சா வாங்குங்க. 42 மரைக்கு 43 இல்ல 44. கூடவே வாஷரை மேல வெச்சு, ஓட்டைக்கு வெளிய சுத்தி எவ்வளவு ரப்பர் நிக்குதுன்னு பாருங்க. நாலஞ்சு மில்லி சுத்திலும் நிக்கணும்.

வட்ட டேங்க்ல எந்த இடத்துலன்னும் பாக்கணும். வளைவு அதிகமான இடத்துலயோ, பட்டை பட்டையா மேடு இருக்குற இடத்துலயோ வாஷர் ஒட்டாது. அடில தட்டையா ஒரு இடம் விட்டிருப்பாங்க, அங்கதான் போடணும். தலை டேங்க் உள்ள, நட்டு வெளிய, ரப்பர் தலைக்கும் டேங்க் சுவருக்கும் நடுவுல. பிளாஸ்டிக் நட்டைக் கையால முடிஞ்ச வரை திருகிட்டு, பானா போட்டுக் கால் சுத்து, அவ்வளவுதான். ஒழுகுதேன்னு இன்னும் இன்னும் முறுக்கினா மரை வெடிச்சிடும்.

கிச்சன் டேப்புக்கு வருவோம். கவுண்டர்ல நிக்குற சிங்கிள் லீவர் மிக்சர் பெரும்பாலும் 35 மில்லி ஓட்டை கேக்கும். அரை இன்ச் மரையோட வர்ற சாதா பில்லர் டேப்புக்கு 22 போதும். ஆர்ஓ டேப்புக்கு 12 கிட்ட. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும், அதுல ஓட்டை சைஸ் போட்டிருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. ஓட்டை எங்கன்னு குறிக்குறதுக்கு முன்னாடி கவுண்டர் கீழ குனிஞ்சு பாருங்க, நட்டு திருக கை போகுதா, கேபினட் பலகை குறுக்க வருதா, சிங்க் தொட்டி இடிக்குதான்னு. கிரானைட்ல சிங்க் வெட்டுக்கும் இந்த ஓட்டைக்கும் நடுவுல ரெண்டு இன்ச் கல்லாவது நிக்கட்டும், அதுக்கும் கம்மியா விட்டா அந்தப் பட்டை உடைஞ்சு வந்துடும்.

5. எதுல ஓட்டை போடுறீங்களோ அதுக்கு ஏத்த ஹோல் சா

சைஸ் சரியா இருந்து வகை தப்பானா காசு போச்சு. ப்ளைவுட், பிளாஸ்டிக் டேங்க், பிவிசி, ஸ்டீல் சிங்க் எல்லாத்துக்கும் பைமெட்டல் (பல் மட்டும் கடின ஸ்டீல்ல இருக்குற) ஹோல் சா. டைல்ஸ், கிரானைட், கண்ணாடிக்கு டைமண்ட், அதுக்குப் பல் இருக்காது, விளிம்புல சொரசொரப்பா மணல் ஒட்டின மாதிரி இருக்கும். பைமெட்டலை டைல்ஸ் மேல வெச்சா அரை நிமிஷத்துல பல்லெல்லாம் மழுங்கிடும்.

பதினாறு பீஸ் பெட்டின்னு சல்லிசா வருதே, அது மரத்துக்கும் ஜிப்சம் போர்டுக்கும்தான் லாயக்கு, ஸ்டீல் சிங்க்ல வெக்கவே வெக்காதீங்க. நான் வாங்கின பெட்டில 35ஐத் தவிர வேற எந்த சைஸும் எனக்கு உபயோகமா இல்ல, அதுவும் ஒரே ஓட்டைல சூடேறி நீலமாயிடுச்சு. தேவையான ரெண்டு மூணு சைஸை மட்டும் நல்லதா தனித்தனியா வாங்குங்க.

சுவருக்கு ஹோல் சா கிடையாது. சாலிட் பிளாக், செங்கல் சுவர்னா ரோட்டரி ஹாமர்ல மாட்டுற கோர் பிட். கான்கிரீட்னா கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுங்க, மெஷினை சுவர்ல போல்ட் அடிச்சு நிறுத்தி தண்ணி விட்டு வெட்டுவாங்க. பெங்களூர்ல புது அபார்ட்மெண்ட் நிறைய அலுமினிய அச்சு (ஷட்டரிங்) வெச்சு முழு சுவரையும் கான்கிரீட்லயே ஊத்தினது, அந்த சுவரே கட்டடத்தைத் தாங்குது, உங்க இஷ்டத்துக்கு அதுல ஓட்டை போடக் கூடாது. பீம், காலம் பக்கம் போகவே போகாதீங்க.

6. ஆர்பரும் ட்ரில்லும் சேருதான்னு கடைலயே மாட்டிப் பாருங்க

ஹோல் சாவை ட்ரில்லோட சேக்குற தண்டுதான் ஆர்பர். 30 மில்லி வரைக்கும் உள்ள ஹோல் சாவுக்கு சின்ன மரை ஆர்பர், 32லேர்ந்து மேல பெரிய மரை ஆர்பர். 29ம் 35ம் வாங்கினா ரெண்டு ஆர்பர் வேணும், இதை எனக்கு யாரும் சொல்லல, வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சு மறுபடி ஒரு நாள் அலைஞ்சேன். பெரிய ஆர்பரோட தண்டு பெரும்பாலும் 11 மில்லி, உங்க ட்ரில்லோட பிட் மாட்டுற வாய், அதான் சக்கு, 10 மில்லின்னா அது நுழையாது. 13 மில்லி சக்கு ட்ரில் வேணும், சைடு ஹேண்டில் இருக்குறதாப் பாத்துக்கோங்க.

கிரானைட்டுக்கு ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டுற டைமண்ட் கோர் வாங்குறதா இருந்தா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. நம்ம கிட்ட இருக்குற நாலு இன்ச் கிரைண்டர் மரை எம்10, கோர் பெரும்பாலும் எம்14ல வரும், அது அஞ்சு இன்ச் கிரைண்டருக்கு. அடாப்டர் தனியா கேட்டு வாங்கணும்.

7. எங்க வாங்குறது, எவ்வளவு ஆகும்

பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைல 35, 44 எல்லாம் கிடைக்குறது கஷ்டம். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோல இறங்கி எஸ்ஜேபி ரோடு பக்கம் போயிடுங்க, டூல்ஸ் கடை வரிசையா இருக்கு, ஒவ்வொரு மில்லி சைஸும் தனியா எடுத்துக் குடுப்பாங்க. தமிழ் தாராளமாப் பேசுறாங்க. ஞாயித்துக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும், சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடி போங்க.

நான் போனப்போ கவுண்டர்ல இருந்த பெரியவர் சைஸ் சொல்றதுக்கு முன்னாடியே "பைப்பு துண்டு கொண்டாந்தியா தம்பி?"ன்னு கேட்டார். அடுத்த தடவை ஒரு பையில நிப்பிள், பைப்பு துண்டு, கனெக்ஷன் ஹோஸ், ட்ரில்லு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன். அவர் ஹோல் சாவை நிப்பிள் மேல தொப்பி மாதிரி கவுத்துக் காட்டினார், உள்ள லேசா ஆடுச்சு, "இவ்வளவுதான் ஆடணும்"னார். வெர்னியரைவிட அது சட்டுனு புரிஞ்சுது, நீங்களும் அப்படிப் பாருங்க. ஆனா வெட்டுறது ஹோல் சாவோட வெளிப்பக்கம், உள்பக்கம் ரெண்டு மூணு மில்லி சின்னது, அதனால உள்ள ஈஸியா ஆடினா ஓட்டை இன்னும் கொஞ்சம் லூஸா வரும்னு கணக்கு வெச்சுக்கோங்க. கடைசி முடிவு மேல அடிச்சிருக்குற நம்பரை வெச்சுத்தான்.

நான் குடுத்த விலை: 44 பைமெட்டல் 420, 22 பைமெட்டல் 230, பெரிய ஆர்பர் 350, சின்ன ஆர்பர் 220, 35 டைமண்ட் 380. மொத்தம் ஆயிரத்து அறுநூறு. இதுக்கு முன்னாடி உதவாத பெட்டிக்கும், கீழ் வீட்டு சீலிங் பெயிண்டுக்கும் போனது தனி. ஒரே ஒரு ஓட்டைதான் வேணும்னா வாங்காதீங்க, கிரானைட் டேப்பு ஓட்டைக்கு எங்க பக்கம் வந்த கல்லு வேலைக்காரர் 500 ரூபாய் வாங்கினார், இருபது நிமிஷத்துல முடிச்சார். ரெண்டு ஓட்டைக்கு மேல இருந்தா சொந்தமா வாங்குறது கட்டும்.

8. பர்மிஷன், பேப்பர், நேரம்

கேபினட், டேங்க், சிங்க்குக்கு யார் கிட்டயும் கேக்க வேண்டாம், வாடகை வீடுன்னா ஓனருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு பதிலை வெச்சுக்கோங்க, காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்காம இருக்க அது உதவும். கிரானைட், டைல்ஸ்னா கண்டிப்பா முன்னாடியே கேளுங்க, அதை மறுபடி மூட முடியாது.

சுவர், ஸ்லாப் வழியா போகணும்னா அசோசியேஷன் கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. எங்க அபார்ட்மெண்ட்ல கேட்டது: எந்த சுவர், என்ன சைஸ் ஓட்டைன்னு ஒரு மெயில், ஓனர் சம்மத மெயில், வேலைக்கு வர்றவங்க ஆதார் காப்பி, திருப்பித் தர்ற டெபாசிட் அஞ்சாயிரம். பதில் வர நாலு நாள் ஆச்சு. சத்தம் போடுற வேலைக்கு நேரம் பத்துலேர்ந்து அஞ்சு, ஞாயிறு கிடையாது. உங்க இடத்துல என்ன ரூல்னு கேட்டுட்டு அப்புறம் ஆளுக்கு நாள் குறிங்க, நாங்க தேதி சொல்லாம வரச் சொல்லி, கேட்ல உள்ள விடாம, வந்து போன கூலி குடுக்க வேண்டியதாப் போச்சு. பாத்ரூம் தரை ஸ்லாப்னா கீழ் வீட்டுக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, கோர் கட்டிங் சேறு கீழதான் கொட்டும். பில்டர் குடுத்த ப்ளம்பிங், எலெக்ட்ரிகல் டிராயிங் இருந்தா தேடி எடுங்க, சுவத்துக்குள்ள போற வயரும் பைப்பும் அதுல தெரியும். டிராயிங் இல்லேன்னா சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ, டேப்புக்கு நேர் மேல கை வெக்காதீங்க.

9. ஓட்டை போடும்போது

ட்ரில்லுல ஹாமர் மோடு ஆஃப். டைல்ஸ்ல ஹாமர் ஓடினா பட்டுனு விரிசல். ஹோல் சா பெருசாக ஆக வேகம் குறையணும். ப்ளைவுட்ல மிதமான வேகம் போதும், ஸ்டீல் சிங்க்ல 35 ஹோல் சான்னா நிமிஷத்துக்கு 120, 130 சுத்துதான், அதாவது பட்டனை லேசா அழுத்தி, பல் சுத்துறது கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு. வேகமா ஓட்டினா ஸ்டீல் சூடேறி இன்னும் இறுகிடும், அப்புறம் எந்த பிளேடும் ஏறாது. கட்டிங் ஆயில் ரெண்டு சொட்டு விடுங்க, கீழ ஒரு மரத்துண்டு முட்டுக் குடுங்க.

லேமினேட் ஒட்டின ப்ளைவுட்ல முழுசா ஒரே பக்கத்துலேர்ந்து வெட்டாதீங்க. பைலட் பிட் மறுபக்கம் எட்டிப் பாத்ததும் நிறுத்தி, அந்தப் பக்கம் போய் அதே ஓட்டைல வெச்சு மீதியை வெட்டுங்க, விளிம்பு பிய்யாது.

டைமண்ட்ல பைலட் பிட் பெரும்பாலும் இருக்காது, நேரா வெச்சா வழுக்கி ஓடும். சாய்ச்சு வெச்சு ஒரு பிறை கீறல் விழுந்ததும் மெதுவா நிமித்துங்க. இல்லேன்னா ஒரு ப்ளைவுட் துண்டுல அதே சைஸ் ஓட்டை போட்டு டைல்ஸ் மேல அழுத்திப் பிடிச்சுக்கோங்க, அது வழியா இறக்கலாம். தண்ணி நிக்காம சொட்டணும், பாட்டில் மூடில ஊசி ஓட்டை போட்டு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க. தண்ணியும் கரண்டும் சேர்ற வேலை, ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா டக்குனு ஆஃப் ஆகுற சுவிட்ச், இருக்குற லைன்லயே ப்ளக் போடுங்க, தண்ணி மெஷின் மேல வழியக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பா போடுங்க, சுத்துற மெஷின் கிட்ட துணி கையுறை வேண்டாம், சுத்திக்கும்.

டேங்க்ல வெட்டி முடிச்சதும் உள்ள விழுந்த சுருள் துகள் அத்தனையும் ஈரத்துணியால தொடச்சு எடுங்க. ஒண்ணு ரெண்டு விட்டாலும் அது நேரா போய் டேப்பு ஜாலில, வாஷிங் மெஷின் இன்லெட் ஃபில்டர்ல அடைக்கும். ஓட்டை விளிம்புல நிக்குற பிசிறை பிளேடால சீவுங்க, அது இருந்தா வாஷர் ஒட்டாது.

10. சைஸ் சின்னதாப் போச்சா, இப்படிப் பெருசாக்குங்க

பெரிய ஹோல் சாவை அப்படியே வெக்காதீங்க, என் டேங்க் மாதிரிதான் ஆகும். ஒரு 12 மில்லி ப்ளைவுட் துண்டுல தேவையான பெரிய சைஸ் ஓட்டை போட்டு, பழைய ஓட்டைக்கு நடுவா வர்ற மாதிரி டேங்க் மேல இறுக்கமா கட்டுங்க இல்ல கிளாம்ப் போடுங்க. பைலட் பிட்டைக் கழட்டிட்டு அந்தப் பலகை ஓட்டை வழியா ஹோல் சாவை இறக்குங்க, ஓடாது. ஒரு மில்லி, ரெண்டு மில்லிதான் பத்தலைன்னா அரை வட்ட அரம் போதும், சுத்திலும் சமமா ராவுங்க.

பெருசாப் போச்சுன்னா அடைக்கப் பாக்காதீங்க. அடுத்த சைஸ் நிப்பிள் வாங்கி, வட்டமா ஓட்டையைத் திருத்தி, பைப்பு பக்கம் சைஸைக் குறைக்குற ரெடியூசர் போட்டுக்கோங்க. நான் கடைசில ஒன்றரை இன்ச் நிப்பிள் போட்டு ஒண்ணுக்கு ரெடியூஸ் பண்ணினேன், இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

மாட்டினதும் டேங்கை முழுசா ரொப்பாதீங்க. நிப்பிளுக்கு மேல ஒரு சாண் தண்ணி விட்டு, நட்டைச் சுத்தி காய்ஞ்ச டிஷ்யூ பேப்பரைச் சுத்தி வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா முழுசா ரொப்பி மறுபடி புது பேப்பர் வெச்சு, ராத்திரி முழுக்க விடுங்க, கீழ ஒரு அகலமான டப்பும் வைங்க. காலைல பேப்பர் மொறுமொறுன்னு இருந்தா லைனைத் திறந்துடலாம்.